பொரிக்கும் கடலைக்கும் ஒரு சுருக்குப்பை

கடைக்கு வருகிறவர்களில் பலர் இன்னும் கையை வீசிக்கொண்டுதான் வருகிறார்கள். பெரிய பைக்கு ஒருவாறு வழி பிறந்துவிட்டது. மஞ்சப்பை திரும்பி வந்தது, கட்டைப்பையும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. மளிகைக்காரருக்குத் தொல்லை தருவது சிறிய பைதான். கால் கிலோ வறுகடலை, அரைப்படிப் பொரி, நூறு கிராம் திராட்சை, பத்து ரூபாய்க்கு மிக்சர் என்று கேட்பவருக்கு எதில் போட்டுக் கொடுப்பது? மஞ்சப்பைக்குள் அப்படியே கொட்ட முடியாது. செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கவும் கூடாது. அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் தின்பண்டத்தில் ஒட்டும் என்பதால், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பொட்டல விதிமுறைகள் உணவை அச்சடித்த செய்தித்தாளில் சுற்றுவதைத் தடுக்கின்றன. எஞ்சியிருப்பது காகித உறை. அது எண்ணெயிலும் ஈரத்திலும் கிழிகிறது. கொடுத்ததோடு அதன் செலவும் நம் கணக்கில்தான்.

இந்த இடத்துக்குப் பொருந்துவது வீட்டிலேயே தைக்கக்கூடிய சிறு துணிப்பை. வெளிநாடுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் தின்பண்டமும் கட்டிக் கொடுக்க இத்தகைய பைகளைத் தைக்கிறார்கள். நமக்கு அது புதிதல்ல. வெற்றிலை பாக்கும் சில்லறையும் வைத்து நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையின் அண்ணன்தான் அது. இதை நம் கடைகளுக்கு ஏற்றபடி எப்படித் தைப்பது, என்ன விலை அடங்கும், எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை வேளாங்கண்ணிக் கடைத்தெருவை மனத்தில் வைத்து எழுதுகிறோம். கோயிலுக்கும் கடற்கரைக்கும் இடையே உள்ள கடைகளில் விற்கும் பண்டங்களில் பெரும்பகுதி, ஒரு சிறு பை இல்லாமல் கைமாற முடியாதவை.

சட்டம் எங்கே நிற்கிறது

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கான தடை 2018 ஜூனில் அரசாணையாக வந்து, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தூக்குப்பைக்கு மத்திய அரசின் விதி வேறு. 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைவான பை கூடாது என்பது அது. அதைக் காட்டி, "120 மைக்ரான் பை, தைரியமாக வாங்குங்கள்" என்று சொல்லி நம் ஊரில் சரக்கு தள்ளுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டு ஆணையில் தூக்குப்பைக்கு மைக்ரான் கணக்கே கிடையாது. எந்தத் தடிமன் ஆனாலும் தடைதான்.

2019 ஜூன் 17 முதல் அபராதமும் வந்தது. அப்போது அறிவித்த அளவில், மளிகைக் கடை, மருந்துக் கடை போன்றவற்றுக்கு முதல் தடவை ரூ.1,000, இரண்டாம் தடவை ரூ.2,000, மூன்றாம் தடவை ரூ.5,000. தரைக்கடை, தள்ளுவண்டிக்காரர்களுக்கு ரூ.100, ரூ.200, ரூ.500. இருப்பு வைத்து மொத்தமாகத் தருகிறவருக்கு இதைவிடப் பல மடங்கு. பிடிபடுவது பெரும்பாலும் சில்லறைக் கடைக்காரர்தான் என்ற குறை நம்மிடையே நெடுநாளாக உண்டு. அது நியாயமான குறைதான். ஆனாலும் கல்லாவிலிருந்து போகிற பணம் நம்முடையது.

இன்னொரு பொறியையும் சொல்ல வேண்டும். பார்வைக்குத் துணி போலிருக்கும், நெய்யாத பை ஒன்று சந்தையில் கிடைக்கிறது. அதையும் "துணிப்பை" என்றே விற்கிறார்கள். அது பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். தமிழ்நாட்டுத் தடைப்பட்டியலில் உள்ளது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகிச் சுருண்டு, ஆறியபின் கடினமான மணியாக நிற்கும். மொத்தமாக வாங்குமுன் இந்தச் சோதனையைச் செய்யத் தயங்க வேண்டாம். விற்பவர் முகம் சுளித்தால் அதுவே ஒரு விடைதான்.

துணி

காடாத் துணியே போதும். சாயம் போடாத, வெளுக்காத, முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். டெரிகாட்டன் வேண்டாம். தையற்கடை வெட்டுத்துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவற்றின் சாயம் எத்தகையது என்று தெரியாமல் உணவுப் பண்டத்துக்குப் பயன்படுத்துவது சரியல்ல.

மஞ்சளிலேயே தைக்கலாமே என்று சிலர் கேட்பர். 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் தொடங்கி வைத்த "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்துக்குப் பின் மஞ்சள் துணிக்கு ஒரு மவுசு உண்டு. 2022-இல் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வந்தது. ஆனால் கடைச் சாயம் போட்ட மஞ்சள், ஈரம் பட்டால் பண்டத்தில் இறங்கலாம். உண்மையான மஞ்சளில் நனைத்த துணியோ வெயிலில் வெளுக்கும். சவுக்காரம் பட்டால் சுண்ணாம்பு பட்ட ஆரத்தி போலச் சிவந்துவிடும். ஆகவே வெளிப்பை மஞ்சளாக இருக்கட்டும். பண்டம் தொடுகிற உள்பை வெறும் காடாவாக இருக்கட்டும்.

புதுத் துணியில் நெசவுக் கஞ்சி இருக்கும். அதோடு தைத்தால் பையில் வாடை வரும், பூச்சியும் வரும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் சுடுநீரில் சவுக்காரம் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயப் போட வேண்டும். முதல் அலசலில் பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். அலசிய பிறகுதான் வெட்ட வேண்டும். இதை மாற்றிச் செய்தால் வாங்கியவர் வீட்டில் பை கோணிக்கொள்ளும். பழி நம் கடைப் பெயருக்கு.

வெட்டும் கணக்கு

முடிந்த பை 7 அங்குல அகலம், 9 அங்குல உயரம் என்று கொள்வோம். கால் கிலோ கடலை போட்டு வாயைச் சுருக்கிக் கட்ட இந்த அளவு தாராளம். இதற்கு 8 அங்குலம் அகலமும் 21 அங்குலம் நீளமும் உள்ள ஒரே துண்டு வேண்டும். அடிப்பக்கம் மடிப்பாகவே இருப்பதால் அங்கே தையல் இல்லை, பாரம் தாங்கும்.

48 அங்குல அகலத் துணி அலசியபின் 46 அங்குல அளவில் நிற்கும். அதில் குறுக்கே ஐந்து துண்டுகள் விழும். 40 அங்குலம் போக எஞ்சும் 6 அங்குலப் பட்டையை நாடாவுக்கு வைத்துக்கொள்ளலாம். அலசிய துணி 10 மீட்டரில் 21 அங்குலமாக 18 வரிசை. ஆக 90 பைகள். நாடா ஒரு பைக்கு 20 அங்குலம் வீதம் 1,800 அங்குலம் தேவை. 6 அங்குலப் பட்டையை ஓர் அங்குலக் கீற்றுகளாக வெட்டினால் 2,300 அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். சேதாரம் போகவும் போதும். கடையில் நாடா வாங்க வேண்டியதில்லை.

சுருங்குவதைக் கருதி 10 மீட்டருக்குப் பதில் பத்தரை மீட்டர் வாங்க வேண்டும்.

தைக்கும் முறை

வீட்டுப் பெடல் மெஷின் போதும். 16-ஆம் எண் ஊசி, அங்குலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு தையல்.

முதலில் வாய்ப்பக்கம். துண்டின் இரண்டு முனைகளிலும், பக்க ஓரங்களை இரண்டு அங்குல நீளத்துக்கு அரை அங்குலம் உள்ளே மடித்துத் தைக்க வேண்டும். பிறகு முனையைக் கால் அங்குலம் மடித்து, மறுபடி ஓர் அங்குலம் மடித்துக் குறுக்கே ஒரு தையல். இது நாடா ஓடும் குழாய். இரண்டு முனையிலும் குழாய் ஆனபின், துண்டை இரண்டாக மடித்துப் பக்கங்களை மூட்ட வேண்டும்.

இந்தப் பக்கத் தையலில்தான் பை நல்லதா கெட்டதா என்பது தெரியும். உள்ளே பிசிறு விட்டுத் தைத்த பையில் கடலைத் தோலும் மாவும் அந்தப் பிசிறில் தங்கும். துவைத்தாலும் போகாது. அடுத்த மாதம் வண்டு அங்கிருந்துதான் கிளம்பும். ஆகவே பிசிறு மறையும்படி இரட்டைத் தையல் போட வேண்டும். துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, குழாய்க்குக் கீழிருந்து அடி மடிப்பு வரை ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டு ஒரு தையல். பிசிறை நறுக்கிவிட்டு, பையை உள்வெளியாகப் புரட்டி, மறுபடி கால் அங்குலத்தில் இன்னொரு தையல். மறுபடி புரட்டினால் பிசிறு முழுவதும் தையலுக்குள் அடைபட்டிருக்கும். இரு பக்கமும் அரை அரை அங்குலம் போனதால் 8 அங்குலம் 7 ஆகிறது. கடைசியில் நாடாவை நான்காக மடித்து ஓரம் தைத்து, ஊக்கில் கோத்து இரண்டு குழாய்களிலும் ஓடவிட்டு, முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டால் ஆயிற்று.

பட்டன், ஜிப், ஒட்டும் பட்டி எதுவும் வேண்டாம். அவை செலவைக் கூட்டும், தூள் சேரும், முதலில் கெடுவதும் அவையே.

ரொட்டி, இட்லி கொண்டுபோக இன்னொரு வடிவம் உண்டு. தலையணை உறை போல வாயை உள்ளே மடித்து மூடுகிற பை அது. 8 அங்குலத்துக்கு 20 அங்குலத் துண்டில் 7 அங்குலச் சதுரப் பையும் 5 அங்குல மடிப்பும் வரும். பேருந்தில் வரும் குடும்பங்களுக்கு இது பயன்படும். ஆனால் சூடான இட்லியை நேரே துணியில் வைத்தால் ஆவியில் பை நனைந்துவிடும். உள்ளே வாழையிலை வேண்டும்.

என்ன அடங்கும்

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் வழிக்காக மட்டும் ஓர் உதாரணம். துணி மீட்டர் ரூ.60 என்று வைத்துக்கொண்டால் பத்தரை மீட்டர் ரூ.630. 90 பைக்குப் பங்கிட்டால் பை ஒன்றுக்கு ரூ.7. நூலுக்கு 50 காசு. அலசி வெட்டித் தருவதற்கு ரூ.1. தையல் கூலி ரூ.6. மொத்தம் ரூ.14.50. இதை ரூ.18-க்கோ 20-க்கோ விற்கலாம்.

இதில் குறைக்கலாம் என்று எல்லோர் கண்ணும் முதலில் போவது தையல் கூலி மீதுதான். பழகிய கை மணிக்கு எட்டுப் பை தைத்து, வீட்டு வேலைக்கு இடையே ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் 48 பை, ரூ.288. உங்கள் ஊரில் பெண்களின் நடவுக் கூலி என்ன என்று பாருங்கள். அதைவிடக் குறைவாகத் தையலில் கிடைக்குமானால், நடவு தொடங்கிய அன்றே உங்கள் பை நின்றுபோகும். கூலியை நிர்ணயிக்குமுன் ஒருவரை முன்னால் வைத்துப் பத்துப் பை தைக்கச் சொல்லி நேரம் பார்ப்பது இருவருக்கும் நல்லது.

பையை இலவசமாகக் கொடுக்கலாமா? கூடாது என்பதே நம் கருத்து. செலவுக்காக மட்டும் சொல்லவில்லை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பருத்திப் பை ஒன்றைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தினால்தான், புவி வெப்பமாதல் கணக்கில், அது ஒருமுறை மட்டும் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும் என்று கண்டார்கள். பருத்தி விளைவிக்கவும் நூற்கவும் நெய்யவும் ஆகும் செலவு அவ்வளவு. அவர்கள் எடுத்துக்கொண்டது பெரிய பை. சிறு பைக்கும் நியாயம் ஏறத்தாழ அதுதான். இலவசமாக வந்த பை கடற்கரை மணலில் கிடக்கும். இருபது ரூபாய் கொடுத்து வாங்கிய பை வீட்டுக்குப் போகும்.

யாருக்கு விற்பது

கடைத்தெருவில் வாடிக்கையாளர் இரண்டு வகை. உள்ளூர்க்காரர் மறுபடி வருவார். அவருக்கு ஒரு பை விற்றால் போதும், அடுத்த முறை அதையே கொண்டுவரச் சொல்லலாம். பையோடு வருகிறவருக்கு ஒரு பிடி கொசுறு போடுங்கள். இரண்டு ரூபாய் தள்ளுபடி என்று சொல்வதைவிட, கண்முன் விழுகிற ஒரு பிடி பொரிக்கு மதிப்பு அதிகம். ஒருவர் திருப்பித் தந்த பையில் அடுத்தவருக்குப் பண்டம் போட்டுக் கொடுக்கும் முறை மட்டும் வேண்டாம். துவைத்ததா இல்லையா என்ற வழக்கு நம் கடைக்குள் வரக்கூடாது.

யாத்திரிகர் திரும்பி வரமாட்டார். ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களும், வேனிலும் ரயிலிலும் வருகிறவர்களும், ஊரில் இருப்பவர்களுக்கு ஏதாவது வாங்கிப் போகவே கடைக்குள் நுழைகிறார்கள். அவர்களுக்குப் பையும் பண்டமும் சேர்ந்தே பரிசு. பொரி தீர்ந்த பின்னும் வீட்டில் இருப்பது பைதான். அதில் கடைப் பெயரைச் சிறிதாக அச்சிடலாம். ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் மஞ்சப்பையில் பெயர் போட்டு எத்தனை ஆண்டு விளம்பரம் பெற்றன என்பது நமக்குத் தெரியாததல்ல. அச்சு வெளிப்பக்கம் மட்டும் இருக்க வேண்டும். மை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மாதா படம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கடலைத் தோலோடு கசங்கப் போகும் பையில் அது வேண்டாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

எடையில் ஒரு எச்சரிக்கை

இந்த அளவுக் காடாப் பை நாடாவோடு 15 முதல் 20 கிராம் இருக்கும். பிளாஸ்டிக் உறை போல எடையே இல்லாத பொருளல்ல. 250 கிராம் கடலையைப் பையோடு தட்டில் வைத்து நிறுத்தால் வாங்குகிறவருக்கு நூற்றுக்கு எட்டு வரை குறையும். 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி பண்டத்தின் நிகர எடை சரியாக இருக்க வேண்டும். வெறும் பையைத் தட்டில் வைத்து மின்னணுத் தராசைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பிறகு பண்டம் போடுங்கள். கைத்தராசு என்றால் எதிர்த்தட்டில் அதே அளவு வெறும் பை ஒன்று.

வாங்குபவர் கண்முன் அளந்து பையில் போட்டால் இவ்வளவுதான். திருவிழா நெரிசலுக்காக முன்கூட்டியே நிறுத்துக் கட்டி அடுக்கினால் அது பொட்டலப் பொருள் ஆகிவிடும். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி கட்டியவர் பெயர் முகவரி, நிகர எடை, கட்டிய மாதம் ஆண்டு, வரிகள் அடங்கிய அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அதில் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் வேண்டும். நாடாவில் ஓர் அட்டைச் சீட்டைக் கோத்துவிட்டால் பையைக் கெடுக்காமல் இதைச் செய்யலாம்.

எதற்கு உதவாது

துணி காற்றை விடும். கடலோர ஈரக்காற்றில் பொரி நமத்துப் போக ஒரு ராத்திரி போதும். ஐப்பசி, கார்த்திகையில் அதுகூட வேண்டாம். ஆகவே கடையில் பொரி தகர டின்னிலேயே இருக்கட்டும்; கேட்டபின் பையில் போடுங்கள். "வீட்டுக்குப் போனதும் டப்பாவில் மாற்றுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பின்னால் வரும் குறை மிச்சம். முறுக்கு, மிக்சரின் எண்ணெய் துணியில் ஏறும். துவைக்காமல் விட்டால் சிக்கு வாடை பிடிக்கும். உள்ளே மந்தாரை இலை வைத்துக் கொடுக்கலாம். பேரீச்சை ஒட்டும், அதற்கும் இலை வேண்டும். அல்வாவுக்கும் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் இந்தப் பை கிடையாது. மைதா, அரிசி மாவு காடாவின் கண் வழியே கசியும்.

எப்போது தைக்கச் சொல்வது

இதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். ஆடி பிறந்த பிறகு பை வேண்டும் என்று அலைந்தால் நம் பக்கத்தில் கை கிடைக்காது. மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் பெண்கள் நாற்றங்காலுக்கும் நடவுக்கும் போய்விடுவார்கள். திருவிழா நாட்களோ குறுவை அறுப்பும் சம்பா வேலையும் ஒன்றோடொன்று மோதும் காலம்.

வேலை இல்லாத மாதங்கள் சித்திரையும் வைகாசியும். வயல் வெடித்துக் கிடக்கும். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கரையில் நிற்கும். மீன் எடுத்து விற்கிற பெண்களுக்கும் வருமானம் குறையும். கஞ்சி போக அலசிய துணி அரை நாளில் காய்வதும் அந்த வெயிலில்தான். நாகப்பட்டினம் பக்கத்தில் சுய உதவிக் குழு இல்லாத ஊர் குறைவு. தையல் பழகியவர்கள் அவற்றில் உண்டு. பங்குனி முடிவதற்குள் துணி வாங்கி, மாதிரிப் பை ஒன்றைக் கையில் கொடுத்து, பாதிக் கூலியை முன்பணமாகத் தந்தால் வைகாசி முடிவில் பை கைக்கு வரும். துணியை நாமே வாங்கிக் கொடுப்பதுதான் நல்லது. அவர்களை வாங்கச் சொன்னால் கடன் வாங்கித்தான் வாங்க வேண்டியிருக்கும். துணியின் தரமும் ஆளுக்கு ஆள் மாறும். வாங்கும்போது தேதி, எண்ணிக்கை, கொடுத்த தொகை எழுதிக் கையொப்பம் வாங்கிய சீட்டு ஒன்று இருக்கட்டும், கணக்குக்கு வேண்டும்.

முதல் ஆண்டுக்கு ஒரு கடைக்குத் தொண்ணூறு அல்லது நூற்றெண்பது பை போதும். மீந்ததை வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டியில் வைத்தால் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்துக்கு ஆகும். அதற்குமேல் தேவைப்படும் என்று தோன்றினால், துணி அலசும் வேலையையாவது புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். அடைமழை தொடங்கிவிட்டால் காடா காயாது.